ஓட்டுநரின் முகம் தெரிய வேண்டும்

பாட்டியுடன் பெருமாள் கோயிலுக்குச் செல்லும் நாள்களில் ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடப்போம். சிராங்கூன் சாலையில் வந்து சேரும் சிறு சாலைகளைக் கடக்கும்போது பாட்டிக்கு ஒரு பழக்கம். காரைப் பார்க்க மாட்டார், ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பார். அவர் தலையசைத்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார்.

சென்ற மாதம் ஒரு மாலை, சிறு சாலையின் முனையில் ஒரு கார் நின்றது. முன்பக்கக் கதவின் கண்ணாடி கன்னங்கரேலென்று இருந்தது. கார் நமக்காக நிற்கிறது என்று நினைத்து நடந்தோம். ஓட்டுநரோ வலப்பக்கம் வரும் வாகனங்களில் இடைவெளி தேடிக்கொண்டிருந்திருக்கிறார். இடப்பக்கமிருந்து வந்த எங்களைக் கவனிக்கவில்லை. கார் நகர்ந்து, சட்டென பிரேக் போட்டது. அடி எதுவும் படவில்லை. “உள்ளே ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறான்னே தெரியலையேப்பா” என்றார் பாட்டி.

பிரச்சினையே அதுதான். ‘டிண்ட்’ ஃபிலிம் என்றதும், ஓட்டுநருக்கு வெளியே தெரிகிறதா என்று மட்டுமே பேசுகிறோம். நடப்பவருக்கு உள்ளே தெரிவதும் பாதுகாப்புதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. நிலப் போக்குவரத்து ஆணைய விதிப்படி, முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை ஊடுருவ விடவேண்டும். பின்னால் உள்ள கண்ணாடிகளுக்கு 25 விழுக்காடு போதும்.

இதில் பலர் கணக்கில் தவறுகிறார்கள். ‘70 விழுக்காடு’ என்று விற்கப்படும் ஃபிலிமை ஒட்டினால் விதிக்குள் இருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். ஆனால் கண்ணாடியே கொஞ்சம் ஒளியைத் தடுக்கும். 80 விழுக்காடு ஒளி விடும் கண்ணாடியில் அந்த ஃபிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 56 விழுக்காடுதான். உயர்நிலைப் பள்ளிக் கணக்கு!

இந்தியாவில் இதைவிடக் கடுமையான தீர்ப்பு ஒன்று வந்தது. 2012 ஏப்ரல் 27ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கார் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் குற்றங்களும் அதற்கு ஒரு காரணம். நமக்கு அந்த அளவு தேவையில்லை என்பது என் கருத்து.

ஏனென்றால் வெயில் பொய்யில்லை. நாள் முழுவதும் ஓட்டும் டாக்சி அங்கிளிடம் ‘ஃபிலிம் வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில் வருகிறது. அதைத் தடுக்கும் தெளிவான ஃபிலிம்கள் இருக்கின்றன, விலைதான் சற்று அதிகம். குளுமைக்குக் கறுப்பு கட்டாயமில்லை.

புதிய கார் மூன்றாம் ஆண்டில்தான் கட்டாயப் பரிசோதனைக்குப் போகிறது. அதுவரை அந்தக் கண்ணாடியைக் கடந்து எத்தனை பாட்டிகள் நடப்பார்கள்? ஆகவே ஒட்டிய அன்றே, கண்ணாடியையும் ஃபிலிமையும் சேர்த்து அளந்து, அளவை எழுதித் தருவதைக் கடைகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும். 18 வயதில் உரிமம் எடுக்கக் காத்திருக்கும் நண்பர்களே, அப்பாவின் காருக்கு அந்த அளவு எவ்வளவு என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.