மாவுக்கட்டு மலையும் மேசை ரயிலும்

எலும்பு முறிந்தவருக்குப் போடும் மாவுக்கட்டை அறியாதவர் இல்லை. சல்லாத்துணியில் ஜிப்சத் தூளை ஏற்றிச் சுருட்டிய பட்டையை நீரில் நனைத்துச் சுற்றினால், சில நிமிடங்களில் அது கல்லைப்போல் இறுகிவிடும். அதே வகைப் பட்டையைக் கொண்டுதான் மாதிரி ரயில்பாதை அமைப்போர் தங்கள் மேசைகளின்மேல் மலைகளை எழுப்புகின்றனர். பழைய செய்தித்தாளைக் கசக்கி உருண்டைகளாக அடுக்கி, நனைத்த பட்டையை அவற்றின்மேல் போர்த்தினால் ஒரு குன்று உருவாகும். உலர்ந்தபின் வண்ணம் பூசலாம். முறிந்த கையைச் சேர்த்துவைத்த பொருளே, சேர்ந்த கைக்கு வேலை தரும் பொருளாகவும் அமைவதை எண்ணும்போது எங்களுக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. அம்மகிழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் நாங்கள் தவறாமல் கூறும் சொல், "நன்றாக ஓய்வெடுங்கள்" என்பது. திருப்பூரிலும் அதைச் சுற்றியுள்ள பின்னலாடை ஊர்களிலும் இச்சொல்லைக் கடைப்பிடிப்பது எளிதன்று. இங்கே உழைப்பு பீஸ் கணக்கில் எண்ணப்படுகிறது. கை நின்றால் கூலியும் நின்றுவிடும். ஓவர்லாக் எந்திரத்தின்முன் பல்லாண்டு அமர்ந்தவர் ஒருநாள் கட்டிலில் அமர்த்தப்படுகிறார். எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால் மனைவி டம்ளரை வாங்கிக்கொள்கிறார். "நீங்க சும்மா உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்கிறான் மகன். அனைத்தும் அன்பினால் நிகழ்பவையே. ஆனால் மூன்றாம் வாரத்தில் அவர் தம்மை வீட்டுக்குப் பாரம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். மறுபரிசோதனைக்கு வரும் சிலரிடம் இதை நாங்கள் காண்கிறோம்: தையல் பிரித்த இடம் ஆறியிருக்கும், முகம் வாடியிருக்கும்.

இதில் எங்கள் பங்கும் உண்டு. என்னென்ன செய்யக்கூடாது என்று நீண்ட பட்டியலைக் கொடுத்து அனுப்பும் நாங்கள், என்ன செய்யலாம் என்பதைப் போதிய அளவு கூறுவதில்லை. அந்த வெற்றிடத்தைக் கைப்பேசி நிரப்பிவிடுகிறது.

உடல் தேறிவரும் ஒவ்வொருவருக்கும், கூலியும் கெடுவும் இல்லாத, தமக்கே உரிய ஒரு கைவேலை இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அத்தகைய வேலைகளுள் வீட்டில் சிறு ரயில்பாதை அமைப்பதைச் சிறப்பாகப் பரிந்துரைக்கிறோம். வெட்டுதல், ஒட்டுதல், வண்ணம் தீட்டுதல், அளத்தல், கம்பி இணைத்தல் எனச் சிறிதும் பெரிதுமான பல வேலைகள் அதில் அடங்கியுள்ளன. அமர்ந்தே செய்யலாம், அயர்வு வந்தால் அப்படியே விட்டு எழலாம், பத்து நாள் கழித்துத் தொடர்ந்தாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

எந்த ரயிலை அமைப்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை. நம் அண்டையிலேயே, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு நீலகிரி மலை ரயில் செல்கிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் வந்த இப்பாதையை, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் வரை, 46 கிலோமீட்டர் தொலைவில் அது ஏறுகிறது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 அடி சென்றால் 1 அடி உயரும் சரிவு இருப்பதால், தண்டவாளங்களின் நடுவே பல்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. இன்ஜினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்.

இதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? மாதிரி ரயில்களில் உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது 'ஹெச்.ஓ.' எனப்படும் அளவு. அசலில் 87-இல் ஒரு பங்கு. அக்கணக்கில் 46 கிலோமீட்டர் பாதை 529 மீட்டர் ஆகும். ஏறும் உயரமோ ஏழு மாடிக் கட்டடத்தின் அளவுக்கு வரும். சாதாரணப் பயணிகள் பெட்டி ஒன்றே இவ்வளவில் சுமார் 24 சென்டிமீட்டர் நீளம் கொள்ளும். அத்தகைய பெட்டிகள் இருபதைக் கோத்தால் ஐந்து மீட்டரை எட்டும். நம் வீடுகளின் கூடங்கள் பல அவ்வளவு நீளம் இல்லை. ஆகவே அமைப்பவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒரு வளைவு, ஒரு பாலம், ஒரு சிறு நிலையம், இரண்டு பெட்டிகள் போதும். எட்டுக்கு நான்கு அடி ப்ளைவுட் பலகை ஒன்றில் வளையப்பாதை முழுதாக அடங்கும். ஏற்றத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பல்சட்டம் இல்லாத மாதிரி இன்ஜின் ஒரு மீட்டர் தொலைவுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்ந்தால் இடறாமல் ஏறும். அதற்கு மேல் சக்கரம் வழுக்கும்.

தேறிவரும் உடலுக்கும் இக்கணக்கு பொருந்தும் என்பதை நாங்கள் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. நோய்க்கு முன்பிருந்த வாழ்க்கை முழுவதையும் முதல் மாதத்திலேயே மீட்டுவிட முயல்பவர் தளர்ந்துபோகிறார். இன்று கட்டிலிலிருந்து வாசல் வரை, அடுத்த வாரம் தெருமுனை வரை என்று சரிவைக் குறைத்துக்கொள்பவர் வழுக்காமல் ஏறுகிறார்.

மலை ரயில்தான் வேண்டும் என்பதில்லை. இத்தொழில் நகரில் வாழ்வோரில் பலர் ரயிலேறி வந்தவர்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு ரயில் என்பது ஊருக்குத் திரும்பும் வழி. அவரவர் ஊர் நிலையத்தை, அதன் வேப்பமரத்தோடும் தண்ணீர்க் குழாயோடும் நினைவிலிருந்து அட்டையில் எழுப்பலாம். படுக்கையில் இருப்பவர் சொல்லச் சொல்ல, ஊரையே கண்டிராத பேரப்பிள்ளை அதை ஒட்டலாம்.

செலவு என்னும் தடையை நாங்கள் மறக்கவில்லை. ஓடும் இன்ஜினும் தண்டவாளமும் மலிவானவை அல்ல. அவை இல்லாமலே தொடங்கலாம் என்பதே எங்கள் விடை. பனியன் ஏற்றுமதிக்கு வரும் அட்டைப்பெட்டி நிலையத்தின் சுவராகும். நூல் தீர்ந்த கோன் தண்ணீர்த் தொட்டியாகும். பச்சைக் கட்டிங் வேஸ்ட் துணி புல்வெளியாகும். தையல் நூல் மின்கம்பியாகும். வடித்து நன்கு உலர்த்திய தேயிலைத் தூள் மண்ணாகும். திருப்பூரில் கழிவாகக் கிடப்பவற்றுக்காக வேறு ஊர்க்காரர் கடைதேட வேண்டியிருக்கும். ரயிலைப் பின்னர் வாங்கலாம். அட்டையிலேயே செய்தும் நிறுத்தலாம்.

'வளர்ந்தவருக்குப் பொம்மை எதற்கு?' என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு இரண்டு சான்றுகளைக் காட்டுவோம். புனே நகரின் கோத்ருட் பகுதியில் 1998 முதல் சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. ஜோஷி என்னும் தனிமனிதர் ஆண்டுக்கணக்காக வளர்த்த ஆர்வம், இன்று ஊர்மக்கள் குழந்தைகளோடு வந்து காணும் இடமாகியிருக்கிறது. மற்றொன்று எங்கள் துறைக்கு இன்னும் நெருக்கமானது. கனடாவில் பிறந்த புகழ்பெற்ற பாடகர் நீல் யங்கின் மகனுக்குப் பெருமூளை வாதம். கைகால்களை விரும்பியபடி இயக்க இயலாது. தந்தை வீட்டில் பெரிய மாதிரி ரயில்பாதை அமைத்தார். சிறு குமிழ்களைத் திருக மகனால் இயலாது என்பதால், பெரிய பொத்தான் ஒன்றை அழுத்தி ரயிலை இயக்கும் கருவியை உருவாக்க முனைந்தார். அம்முயற்சி வளர்ந்து, அமெரிக்காவின் பழைய மாதிரி ரயில் நிறுவனமான லயனலில் 1995-இல் அவர் பங்குதாரராகவும் ஆனார். அந்தத் தந்தை மகனுக்காக ரயிலை ஓட்டிக் காட்டியிருக்கலாம். மகனே ஓட்டட்டும் என்று எண்ணினார். நோயாளியின் குடும்பத்தார் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

எச்சரிக்கைகள் சிலவற்றையும் கூறியாக வேண்டும். மாவுக்கட்டுப் பட்டையைப் புதிதாக வாங்கிப் பயன்படுத்துக. பிரித்த கட்டு உதவாது. அது இறுகும்போது வெப்பம் உண்டாகும். ஆகவே அந்தக் கலவையில் கையைப் புதைத்து அச்செடுக்கும் விளையாட்டு வேண்டா. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்பவர் கத்தி, பிளேடு வேலையைப் பிறரிடம் விடுக. நீரிழிவினால் விரல் மரத்தவர் சூடான பசைத் துப்பாக்கியையும் பற்றவைப்புக் கோலையும் தொடாதிருப்பது நலம். பஞ்சுத் தூசியில் உழைத்து மூச்சிரைப்புக்கு ஆளானவர்க்கு ஸ்ப்ரே வண்ணமும் மரத்தூளும் ஆகா, தூரிகை போதும். ரயில் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. அதற்குரிய டிரான்ஸ்பார்மரையே வாங்குக, வீட்டு மின்னிணைப்பில் சோதனை செய்யற்க. பொத்தான் வடிவ பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் அது அவசரச் சிகிச்சைக்கு உரியது. ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க முடிந்தவர் நடக்க வேண்டும்.

இது மருந்தாகாது. இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சிக்கு மாற்றும் ஆகாது. ஆயினும் பக்கவாதத்தில் தளர்ந்த கைக்கு, பயனுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது நல்ல பயிற்சி என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட ஒன்று. எந்த விரலுக்கு எந்த வேலை தரலாம் என்பதை அடுத்த வருகையில் அவரிடமே கேளுங்கள்.

இதை ஆண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் வேண்டா. நுண்ணிய தையலில் தேர்ந்த விரல்கள் நம் பெண்களுடையவை. அறுவைசிகிச்சை முடிந்து வந்த பத்தாம் நாளே அடுப்படிக்குத் திரும்பிவிடும் தாய்க்கு, யாருக்கும் பரிமாற வேண்டாத ஒரு மேசையும் ஒரு மணி நேரமும் கொடுப்பது குடும்பத்தின் கடமை என்றே கருதுகிறோம்.

குடும்பத்தாரிடம் இறுதியாக ஒன்றை வேண்டுகிறோம். அவர் ஒட்டிய சுவர் கோணலாக நின்றால் அதைத் திருத்தாதீர்கள். செக்கிங் மேசையில் கழிக்கப்படும் துண்டைப்போல் அதைப் பார்க்காதீர்கள். நடுங்கும் கை எழுப்பிய சுவர் அது. சில மாதங்கள் கழித்து அவர் கட்டும் அடுத்த சுவரை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். எங்கள் பதிவேடுகள் காட்டாத முன்னேற்றத்தை அங்கே நீங்கள் காணக்கூடும்.