வங்கிக்கும் டூப், நிலவுக்கும் டூப்!

"பெங்களூருல என்ன வேல கண்ணு பாக்குற?" என்று கேட்பார் ஆயா. "டெஸ்டிங் ஆயா" என்பார் பேத்தி. "அப்படின்னா?" என்ற அடுத்த கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. பாலக்கோடு பக்கம் பல வீடுகளில் நடக்கக்கூடிய உரையாடல்தான் இது. அந்த ஆயாவுக்குப் புரியும்படி பதில் சொல்ல, ஊர்த் தக்காளி மார்க்கெட்டே போதும்.

பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து வெளியூர்களுக்குத் தக்காளி லாரி லாரியாகப் போகிறது. அங்கே கொள்முதலுக்கு ஒரு செயலி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விவசாயி 30 கிரேடு தக்காளி இறக்குகிறார். கிரேடு 250 ரூபாய் வீதம் 7,500 ரூபாய். வியாபாரி செயலியில் 'பணம் அனுப்பு' என்பதை அழுத்துகிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொறுமையிழந்து மறுபடி அழுத்துகிறார். இப்போது பணம் இரண்டு முறை போகுமா? அல்லது பணமே போகாமல், 'உங்கள் கணக்கில் 7,500 ரூபாய் சேர்ந்தது' என்று விவசாயிக்கு எஸ்.எம்.எஸ். மட்டும் போகுமா? அதை நம்பி அவர் வண்டி ஏறிவிட்டால் என்ன ஆவது?

கணக்குப்பிள்ளை யார்?

இந்த இடத்தில் முடிவெடுக்கும் நிரல் பகுதிக்குப் பெயர் கன்ட்ரோலர். மண்டிக் கணக்குப்பிள்ளையைப் போன்றது. அவர் எடை போடுவதில்லை. பெட்டியிலிருந்து காசு எடுப்பதும் வேறு ஆள். சீட்டை வாங்கிப் பார்த்து, "இவருக்குப் பணம் கொடு", "அவருக்குத் தகவல் சொல்லு" என்று ஏவுவதுதான் அவர் வேலை. கன்ட்ரோலரும் அப்படித்தான். உங்கள் விரல் அழுத்தியதை வாங்கி வங்கியிடம் கேட்கும், பதிலைப் பார்த்து அடுத்த வேலையை ஏவும்.

இதைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் நிஜ வங்கியில் நிஜப் பணத்தை அனுப்ப முடியாது. 'இப்போது கொஞ்சம் பழுதாகிக் காட்டுங்கள்' என்று வங்கியிடம் கேட்கவும் முடியாது. அதனால்தான் டூப் போடுகிறார்கள்.

சினிமாவில் ஹீரோவுக்குப் பதில் மாடியிலிருந்து குதிக்கிறாரே, அதே டூப்தான். 2007-ல் வெளியான தன் புத்தகத்தில் ஜெரார்ட் மெசாரோஸ் என்ற மென்பொருள் வல்லுநர், அந்த ஸ்டன்ட் டூப்பை மனதில் வைத்துத்தான் இவற்றுக்கு 'டெஸ்ட் டபுள்' என்று பொதுப்பெயர் வைத்தார்.

ஸ்டப் வேறு, மாக் வேறு

டூப்களில் முக்கியமானவை இரண்டு. முதலாவது ஸ்டப். சொல்லிக்கொடுத்த பதிலை அப்படியே ஒப்பிக்கும் பொம்மை வங்கி இது. 'பணம் போனது' என்று சொல்லச் சொன்னால் சொல்லும். 'இருப்பு இல்லை' என்றும் சொல்லும், பதிலே தராமல் மௌனமாகவும் இருக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் கணக்குப்பிள்ளை என்ன செய்கிறார் என்று சில நொடிகளில் பார்த்துவிடலாம்.

இரண்டாவது மாக். இது ஓர் உளவாளி. எஸ்.எம்.எஸ். அனுப்பும் பகுதியின் இடத்தில் இதை உட்கார வைப்பார்கள். பணம் போயிருந்தால் தனக்குச் சரியாக ஒரே ஒரு உத்தரவு வந்ததா, போகாவிட்டால் ஒன்றுமே வராமல் இருந்ததா என்று இது கணக்கு வைத்திருக்கும். எண்ணிக்கை தப்பினால் சோதனை தோல்வி. பதில் சொல்வதற்கு ஸ்டப், உத்தரவு சரியா என்று பார்ப்பதற்கு மாக். 'மாக்' என்ற இந்த உத்தியை டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமேன், ஃபிலிப் கிரெய்க் ஆகிய மூவர் 2000-ம் ஆண்டில் ஒரு கட்டுரையாக முன்வைத்தார்கள்.

நாமக்கல்லில் கிடைத்த நிலா

டூப் வைத்துச் சோதிப்பது கணினிக்கு மட்டும் சொந்தமான வேலையல்ல. சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவின் மண் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநில மண்ணை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினரும் இந்த முயற்சியில் பங்கெடுத்தார்கள். பாறையைப் பொடித்து, டன் கணக்கில் இஸ்ரோவுக்கு அனுப்பினார்கள். நம் பக்கத்து மண், நிலவுக்கு டூப் போட்டது!

ஆனால் டூப்புக்கு எல்லை உண்டு. பொடித்த பாறை நிலவு மண்ணைப் போல இருக்கும். நிலவின் ஈர்ப்பு விசையைத் தராது. அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். அதற்கு வேறு சோதனை வேண்டும்.

2019 செப்டம்பர் 7-ம் தேதி சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதி உடைந்தது. அடுத்த முறை இஸ்ரோ கேள்வியையே மாற்றியது. 'எதெல்லாம் சரியாக நடக்கும்?' என்பதோடு நிற்காமல், 'எதெல்லாம் கெட்டுப்போகலாம், அப்போதும் எப்படித் தப்பிப்பது?' என்று கேட்டு சந்திரயான்-3-ஐ வடிவமைத்தார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம், 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கியது.

ஸ்டப்பின் நிஜப் பலமும் இதுதான். கேட்டபோதெல்லாம் அது தோற்றுக் காட்டும்.

எல்லாம் பச்சை, ஆனாலும் தப்பு

மறுபடி மார்க்கெட்டுக்கு வருவோம். நம் ஸ்டப் வங்கிக்கு 'போனது', 'போகவில்லை', மௌனம் என மூன்றுதான் தெரியும். நிஜ வங்கி ஒருநாள் 'நிலுவையில் உள்ளது' என்று நான்காவதாக ஒரு பதிலைச் சொல்கிறது. ஸ்டப்புக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. சோதனைத் திரை முழுக்கப் பச்சை விளக்கு. ஆனால் நிஜத்தில், கணக்குப்பிள்ளை அந்தப் பதிலை 'போனது' என்று எடுத்துக்கொண்டால், விவசாயிக்குப் பொய்யான எஸ்.எம்.எஸ். போகும். டூப் பொய் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்ததை மட்டுமே அது திருப்பிச் சொன்னது.

அதனால்தான் டூப்களை வைத்து நூறு சோதனை செய்தாலும், நிஜமான பகுதிகளை ஒன்றாக இணைத்துச் சில சோதனைகளாவது செய்ய வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். 2016-ல் வந்த ரெயில்ஸ் 5 என்ற மென்பொருள் கட்டமைப்பும் கன்ட்ரோலரைத் தனியாகப் பிரித்துச் சோதிப்பதைவிட, எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிப்பதன் பக்கமே சாய்ந்தது. பணம் செலுத்தும் சேவை நிறுவனங்கள் பலவும் இதற்கென்றே நிஜப் பணம் புழங்காத மாதிரித் தளங்களைத் தருகின்றன.

நமக்கு என்ன பாடம்?

வேலை தேடும் பிள்ளைகளுக்கு: நேர்முகத் தேர்வில் 'ஸ்டப், மாக் வித்தியாசம் என்ன?' என்று கேட்டால், இலக்கணம் ஒப்பிப்பதோடு விடாதீர்கள். பணம் போகாதபோது எஸ்.எம்.எஸ். போகக் கூடாது என்பதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று சொல்லிக் காட்டுங்கள்.

பணம் அனுப்புகிறவர்களுக்கு: வட்டம் சுற்றினால் மறுபடி அழுத்தாதீர்கள். 'நிலுவை' என்று வந்தால் முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். யு.பி.ஐ.யில் உங்கள் கணக்கில் பணம் கழிந்து, பெறுபவருக்குச் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதென்றால் 5 நாட்கள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

பணம் வாங்குகிறவர்களுக்கு: செயலி அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் நம்பி வண்டி ஏறாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

ஆயாவுக்கான பதில் இப்போது எளிது. "பணம் போகாம 'போயிடுச்சு'ன்னு எஸ்.எம்.எஸ். வராம பாத்துக்கிறேன் ஆயா!"