‘லிங்க் தொறக்க மாட்டேங்கு!’

“ஏய்யா, நீ அனுப்புனது தொறக்க மாட்டேங்கு. ஏதோ பெர்மிஷன் கேக்கு!”

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நெல்லைப் பிள்ளைகளுக்கு அம்மாவிடமிருந்து அடிக்கடி வரும் போன் கால் இது. பாளையங்கோட்டையில் பத்திர ஆபீஸ் வாசலிலோ, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வரிசையிலோ நின்றபடி பேசுவார்கள். பேப்பர் கிளவுடில் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால், கைக்கு வரவில்லை.

நம் பக்கத்தில் பேப்பரை ஸ்கேன் செய்து ஏற்றும் பழக்கம் பரவியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரால் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை தாண்டி, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ஏரல் துண்டிக்கப்பட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பல வீடுகளில் முதல் வேலையே, பீரோவின் கீழ்த்தட்டில் ஊறிப்போன தாய்ப்பத்திரத்தையும் மார்க் ஷீட்டையும் ஃபேன் காற்றில் உலர்த்தியதுதான். அதன்பிறகுதான் என் உறவுக்காரர்களே “டிரைவ்ல போட்டுரு” என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

போட்டாயிற்று. யார் திறக்கலாம் என்பதில்தான் குழப்பம்.

கூகுள் டிரைவில் புதிதாக ஏற்றும் ஃபைல் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்றே இருக்கும். அதாவது, நீங்கள் பெயர் சேர்த்தவர்கள் மட்டுமே திறக்கலாம். அந்த லிங்க்கை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் போட்டால், அம்மாவுக்கு வீட்டு விலாசம் கிடைக்கும், சாவி கிடைக்காது. இதையே ஜிமெயில் வழியாக அனுப்பினால், ‘இவருக்கு அனுமதி இல்லையே, கொடுக்கவா?’ என்று கூகுளே கேட்டுவிடும். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது கேட்க ஆளில்லை. நம் ஊரில் முக்கால்வாசி லிங்க் வாட்ஸ்அப்பில்தானே போகிறது!

வெறுத்துப்போய் அடுத்து என்ன செய்வோம்? ‘எனிஒன் வித் த லிங்க்’ என்று மாற்றிவிடுவோம். உடனே திறக்கும். ஆனால், அதன் அர்த்தம் ‘லிங்க் யார் கையில் இருக்கிறதோ, அவர் திறக்கலாம்’ என்பது. சித்தப்பா அதை இன்னொரு குரூப்புக்கு ஃபார்வேர்டு செய்தால், அங்கே இருக்கும் அத்தனை பேரும் உங்கள் ஆதாரையும் பட்டாவையும் பார்க்கலாம். போட்டோ ஆல்பத்துக்கு இது பரவாயில்லை. பத்திரத்துக்கு ஆகவே ஆகாது. ஆதார் நகல் அனுப்பியே ஆக வேண்டுமென்றால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சரியான வழி, மெயில் ஐடி போட்டுப் பகிர்வது. இங்கேதான் ஒரு நெல்லைச் சிக்கல் (எல்லா ஊரிலும் உண்டுதான்). அம்மாவின் ஐடி எது? போன் வாங்கிய அன்று கடைத் தம்பி ஒரு ஜிமெயில் உருவாக்கிக் கொடுத்திருப்பார். பிறகு பேரன் யூடியூபுக்காக இன்னொன்று சேர்த்திருப்பான். நீங்கள் ஒன்றுக்கு அனுமதி கொடுக்க, போன் இன்னொன்றில் திறக்கப் பார்க்கும். திரும்பவும் அதே “பெர்மிஷன் கேக்கு!” அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா போனில் டிரைவைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு, எந்த ஐடி என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டையும்தான். தேவையில்லாததை போனிலிருந்து நீக்கிவிடலாம்.

பிறகு ‘வீட்டுப் பேப்பர்’ என்று ஒரே ஒரு ஃபோல்டர். அதை மட்டும் பகிருங்கள். உள்ளே எது போட்டாலும் அதே ஆட்களுக்குத் தானாகப் போய்ச் சேரும். அதனாலேயே, வேறு எதையும் அதில் போடாதீர்கள். அம்மா, அப்பாவுக்கு ‘வியூவர்’ போதும். ‘எடிட்டர்’ கொடுத்தால், அவர் ஃபைலை மாற்றலாம், மற்றவர்களுக்கும் பகிரலாம். அண்ணன், தங்கை என்று ஒருவருக்கு மட்டும் அதைக் கொடுங்கள். அவர் மழைக்கு வேறு ஊரில் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஃபோல்டர் யார் பெயரில் என்பதும் முக்கியம். ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபி. அது உரிமையாளர் கணக்கில் கழியும். 2 வருடம் தொடவே தொடாத கணக்கை கூகுள் நீக்கலாம். கடைத் தம்பி உருவாக்கிய, யாரும் பார்க்காத ஐடியில் தாய்ப்பத்திரத்தை வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

டிஜிலாக்கர் பற்றியும் சொல்ல வேண்டும். 2015-ல் மத்திய அரசு தொடங்கியது. அதில் துறைகளே நேரடியாக வழங்கும் ஆவணம், 2016 விதிகளின்படி அசலுக்குச் சமம். டிரைவிங் லைசென்ஸுக்கு அதைக் காட்டினால் போதும். ஆனால், நாமே போட்டோ எடுத்து ஏற்றியதற்கு அந்தத் தகுதி கிடையாது. அது வெறும் நகல்தான்.

கம்பெனிகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. லிங்க்கை காப்பி செய்யும்போதே ‘இதை 3 பேர் மட்டும் திறக்கலாம்’ என்று தமிழில் ஒரு வரி பெரிதாகக் காட்டினால், பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸில் லிங்க்குக்கு காலக்கெடு, பாஸ்வேர்டு வைப்பது பணம் கட்டுபவர்களுக்குத்தான். வங்கி லோனுக்காக ஒரு வாரம் மட்டும் பத்திரத்தைக் காட்ட நினைப்பவர் இலவசக் கணக்கில் என்ன செய்வார்? வேலை முடிந்ததும் அவரேதான் ஞாபகமாகப் போய் அனுமதியை எடுக்க வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கும்போது, அந்த கம்ப்யூட்டரில் உங்கள் ஜிமெயிலைத் திறக்காதீர்கள். தேவையான ஒரு ஃபைலை மட்டும் போனிலிருந்து அனுப்பி, பிரின்ட் வந்ததும் அங்கேயே டெலிட் செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.