கரைக்கும் வேலிக்கும் இடையில்

போன மாதம் வாகரைக் கரையோரக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம். கடன் கொப்பிகளைப் பார்த்து முடித்ததும், கருவாடு போடும் அக்கா ஒருவர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். முதல்நாள் இரவு ஆமை ஏறிய தடம் மணலில் கிடந்தது. பாதியை அலை அழித்திருந்தது.

"முந்தி இஞ்சயிருந்து தண்ணிக்கு நல்ல தூரம் நடக்கணும் புள்ள. இப்ப ஆமைக்கும் இடமில்ல, எனக்குக் கருவாடு காயப்போடவும் இடமில்ல" என்றார்.

நான் படித்தது சமூகவியல். என்றாலும் அந்தப் பேச்சு மனதில் கிடந்ததால் தேடி வாசித்தேன்.

கடலாமை அலை எட்டாத மணலில் குழி தோண்டி நூறளவில் முட்டையிடும். பொரிக்க ஏறத்தாழ 50 முதல் 60 நாள். அதற்குள் கடல்நீர் குழியில் தேங்கினால் கரு மூச்சடைத்துச் சாகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கிறது. சுமார் 29 பாகை செல்சியசில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே சூடு ஏற ஏறப் பெண்ணே அதிகம். அவுஸ்திரேலியாவின் வடகிழக்கில், வெப்பமான கரைகளில் பிறந்த இளம் பச்சையாமைகளில் 99 வீதத்துக்கு மேல் பெண் என்று 2018 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆண்கள் இல்லாமற்போன ஊர்களில் வாழ்கிறவர்கள் நாங்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வாசிப்பை நிறுத்திவிட்டேன்.

கரை எவ்வளவு போகும் என்பதையும் முன்கூட்டிக் கணக்கிடலாம். கரிபியன் கடலில் உள்ள பொனைர் தீவில் ஆமை ஏறும் கரைகளை அளந்தவர்கள், கடல் அரை மீற்றர் உயர்ந்தால் கரைப்பரப்பில் 32 வீதம் வரை போகலாம் என்று 2005 இல் எழுதினார்கள். தாழ்ந்த, ஒடுங்கிய கரைகளுக்கே ஆபத்து அதிகம். பின்னால் வெறும் நிலம் இருந்தால் மணல் பின்னுக்கு நகர்ந்து கரை பிழைக்கும். மதிலோ கல்லணையோ இருந்தால் நகர இடமில்லை.

எனக்குச் சிக்கல் இங்கேதான். வேலிக்கு முன்னால் கல் போட்டுத் தரச் சொல்லி அக்கா கேட்கிறார். கல் போட்டால் வீடு கொஞ்சக் காலம் நிற்கும். ஆனால் முன்னாலுள்ள மணல் அரிபட்டுப் போகும், ஆமை ஏறாது, கருவாட்டுப் பரணும் மிஞ்சாது. அதற்காகப் பின்னுக்குப் போங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். 2006 இல் ஷெல்லுக்கு ஓடி, 2007 இல் திரும்பி வந்தவர் அவர். இன்னும் எத்தனை தரம் பெயர்வது?

அன்று ஒரு கயிற்றை எடுத்து, அலை ஏறிய அடையாளத்திலிருந்து வேலி வரை இருவரும் அளந்தோம். திகதியுடன் சங்கக் கொப்பியில் எழுதினார். ஒவ்வொரு பூரணைக்கும் அளப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் உங்கள் கரையில் அளந்து எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் பேசப் போகும்போது அந்தக் கொப்பி கையில் இருக்கவேண்டும். ஆமைத் தடம் கண்டால் அதையும் குறியுங்கள், முட்டையில் கை வைக்கவேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

அடுத்த பூரணைக்கு அக்காவின் கயிற்றில் மறு நுனியைப் பிடிக்க நான் போகிறேன்.