சான்று விவசாயிகள் குழுவின் பெயரிலேயே இருக்க வேண்டும்: ஏற்றுமதி நெல் குறித்துக் கூட்டமைப்பின் நிலைப்பாடு

டெல்டாவின் பாரம்பரிய நெல்லுக்கு ஏற்றுமதிக்கான அங்ககச் சான்று பெறும் செலவு முழுவதையும் ஏற்பதாக ஏற்றுமதி நிறுவனம் ஒன்று முன்வைத்த திட்டத்தை எங்கள் விவசாயிகள் குழுக் கூட்டமைப்பின் செயற்குழு விவாதித்தது. செலவில் உதவி பெறுவதைக் கூட்டமைப்பு கொள்கையளவில் எதிர்க்கவில்லை. ஆனால், சான்று அந்த ஏற்றுமதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும் என்ற திட்டத்தின் நிபந்தனையை, இன்றைய வடிவில், ஏற்பதற்கில்லை.

ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தனிச் சான்று கட்டுப்படியாகாது என்பதால்தான் குழுச் சான்று முறை வந்தது. குழு தன் உறுப்பினர்களின் வயல்களைத் தானே ஆய்வு செய்து பதிவேடு வைக்கும்; சான்றளிக்கும் அமைப்பு அதைச் சரிபார்த்து, சில வயல்களை நேரில் பார்க்கும். இந்த வேலையை நிறுவனம் எடுத்துக்கொண்டால் சான்றும் அதனிடம் போய்விடுகிறது. ரசாயன விவசாயத்திலிருந்து அங்கக விவசாயத்துக்கு மாறும் மாற்றுக்காலம் நெல்லுக்கு இரண்டு ஆண்டு. யூரியாவை நிறுத்தி, மகசூல் குறைந்து, சாதாரண நெல்லின் விலைக்கே விற்று அந்த இழப்பைத் தாங்குபவர் விவசாயி. மூன்றாம் ஆண்டு வேறு வியாபாரி கூடுதல் விலை தர வந்தாலும், சான்று தன்னிடம் இல்லாததால் அவர் அதை அங்கக நெல்லாக விற்க முடியாது. நிறுவனம் விலகிக்கொண்டால் அத்தனை உழைப்பும் வீண். மண்ணைத் திருத்தியவருக்கு இல்லாத உரிமை கட்டணம் கட்டியவருக்கு உண்டென்றால், அது உதவி அல்ல, அபகரிப்பு. இச்சொல் கடுமையானது என்று சில உறுப்பினர்கள் கருதினர். பெரும்பான்மையோர் நீக்கச் சம்மதிக்கவில்லை.

விவசாயிகளால் பதிவேடு நடத்த முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். தொடக்கத்தில் சிரமம் இருக்கலாம். சம்பளத்துக்குப் பயிற்சி பெற்ற ஒருவரை வைத்தால் தீரக்கூடிய சிரமம் அது. விதிகளும் விவசாயிகள் குழுவையே முன்னிறுத்தும் திசையில் நகர்ந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 விதி, குழு என்பது விவசாயிகளே உறுப்பினராக உள்ள சட்டபூர்வ அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஜனவரியில் வெளியான நம் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் எட்டாம் பதிப்பும் உற்பத்தியாளர் குழுக்களுக்குச் சட்ட அந்தஸ்து தருகிறது. பணம் போட்டபின் நெல் வெளியே போய்விடுமோ என்ற நிறுவனத்தின் அச்சம் நியாயமானதே. முதலில் கேட்டு வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அதற்குச் சான்றைப் பறிக்கத் தேவையில்லை.



சான்றும் பதிவேடுகளின் நகலும் குழுவிடம் இருக்கச் சம்மதிக்கும் எந்த நிறுவனத்தோடும் பேசத் தயார். மற்ற ஒப்பந்தங்களில் உறுப்புக் குழுக்கள் செயற்குழுவைக் கலக்காமல் கையெழுத்திட வேண்டாம்.