கோமாளி என்று எழுதினேன்

2004 செப்டம்பரில் ஓர் இரவு. நாளிதழ் ஒன்றின் மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தேன். விளையாட்டுப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் இரண்டு அங்குலம் காலி. ஏஜென்சிச் செய்திகளைப் புரட்டியதில், மோ நார்மன் என்ற கனடா நாட்டு கோல்ஃப் ஆட்டக்காரர் 75 வயதில் இதய நோயால் இறந்த செய்தி அகப்பட்டது. அதற்குமுன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. செய்தியில் அவரை 'எக்ஸென்ட்ரிக்' என்று வர்ணித்திருந்தார்கள். 'விசித்திரப் போக்குடையவர்' என்றால் தலைப்பில் அடங்காது. 'கிறுக்கர்' என்றால் செத்தவரைத் திட்டியதாகும். மூன்றே எழுத்தில் ஒரு சொல் கிடைத்தது. 'கோமாளி கோல்ஃப் வீரர் மரணம்' என்று தலைப்பிட்டு நான்கு வரியில் முடித்தேன். மோனை நன்றாக விழுந்திருக்கிறது என்று இரவு ஆசிரியர் பாராட்டினார். தமிழ் எம்.ஏ. படித்தது அன்றைக்குப் பயன்பட்டது என்று நானும் மகிழ்ந்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மனிதரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. டிம் ஓ'கானர் 1995இல் எழுதிய வாழ்க்கை வரலாறு ஒன்று இருக்கிறது. கனடாவின் கோல்ஃப் எழுத்தாளர் லார்ன் ரூபன்ஸ்டீன் அவரோடு பழகிய அனுபவத்தை 2012இல் தனி நூலாக்கியிருக்கிறார். அவற்றிலும், அவரைப் பற்றி வந்த கட்டுரைகளிலும் நான் பார்த்த நார்மன் வேறு ஆள். அன்று மேசையில் எளிதாகக் கிடைத்த அந்த மூன்றெழுத்து, 45 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் சிலருக்கும் எளிதாகக் கிடைத்திருக்கிறது. அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது.

நார்மன் 1929இல் ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்சனர் நகரில் பிறந்தவர். ஜெர்மானியர் குடியேறிய ஊர். முதலில் பெயர் பெர்லின். முதல் உலகப் போரின்போது அந்தப் பெயர் உறுத்தவே, 1916இல் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரின் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஆம், இந்தியாவில் தலைமைப் படைத்தளபதியாக இருந்து கர்சனோடு மல்லுக்கட்டிய அதே கிச்சனர்தான்.

ஐந்து வயதில் பனிச்சறுக்குப் பலகையில் போன நார்மன் ஒரு காருக்கு அடியில் சிக்கினார். சக்கரம் தலையை உரசிச் சென்றது. உழைத்துப் பிழைத்த குடும்பம். முறையான சிகிச்சை கிடைக்கவில்லை. பிறகு பேச்சு வேகமானது. சொன்னதையே திரும்பச் சொல்லும் பழக்கம் வந்தது. அந்த விபத்துதான் காரணமா, அவர் பிறவியிலேயே அப்படியா என்பதை எந்த மருத்துவரும் தீர்மானித்துச் சொன்னதில்லை. பள்ளியில் கணக்கு மட்டும் மின்னல். மற்றவை எல்லாம் தடுமாற்றம்.

கோல்ஃப் மைதானத்துக்குள் அவர் நுழைந்தது பணக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் பையனாக. ஆங்கிலத்தில் 'கேடி' என்பார்கள். தமிழில் அப்படியே எழுதினால் காவல் நிலையச் சுவரில் ஒட்டிய படங்கள் நினைவுக்கு வரும். அதனால் சுமப்பவர் என்றே எழுதுகிறேன். இந்த வழியாக ஆட்டத்துக்கு வருவது நமக்கும் புதிதல்ல. 1991இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்ற அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்தவர்தான். நார்மனின் தந்தைக்கு இந்த விளையாட்டே பிடிக்கவில்லை. அது சீமான்களின் பொழுதுபோக்கு, நம்மைப் போன்றவர்களுக்கு எதற்கு என்பது அவர் கட்சி. மட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவர முடியாமல் வெளியே ஒளித்துவைத்திருக்கிறான் பையன்.

கிச்சனரில் ராக்வே என்ற நகராட்சி மைதானம் இருக்கிறது. அங்கே தானாகவே பழகினார். ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு பந்துகள், உள்ளங்கை கிழியும்வரை. யாரும் சொல்லித்தராததால் அவருடைய நிற்பும் வீச்சும் யாரைப்போலவும் இல்லை. மற்றவர்கள் கைகளைத் தளரத் தொங்கவிட்டு நிற்பார்கள். இவர் கால்களை அகல விரித்து, கைகளை விறைப்பாக நீட்டி, கையும் மட்டையும் ஒரே கோடாக இருக்கும்படி நிற்பார். மட்டையைப் பந்துக்குப் பக்கத்தில் வைக்காமல் ஓர் அடி பின்னால் தள்ளி வைப்பார். பார்ப்பதற்கு அழகான ஆட்டம் இல்லை. ஆனால் சுழலும் மூட்டுகள் குறையக் குறையப் பிழைக்கு இடமும் குறைகிறது. மட்டையின் முகம் பந்தைத் தாண்டியும் வெகுதூரம் அதே கோட்டில் போகும். பந்து இடமோ வலமோ வளையாமல் குழாய்க்குள் போவதுபோல் போகும். 'பைப்லைன் மோ' என்று பெயர் வைத்தார்கள்.

1955இலும் 1956இலும் அடுத்தடுத்து கனடாவின் அமெச்சூர் சாம்பியன் ஆனார். குளிர்காலத்தில் பெளலிங் கூடத்தில், உருண்டு விழும் கட்டைகளை எடுத்து நிறுத்தும் வேலை. கோடையில் ஊர் ஊராகப் போட்டிகள். பயணத்துக்கு வழியில் போகும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்துவது. தங்குவதற்கு மைதானத்தின் மணற்குழி. அமெச்சூர் ஆட்டக்காரர் ரொக்கம் வாங்கக் கூடாது என்பது விதி. கடிகாரம், தொலைக்காட்சிப் பெட்டி என்று பொருளாகத்தான் கொடுப்பார்கள். அவற்றை விற்றுத்தான் சாப்பாடு. இரண்டாம் பரிசுப் பொருளுக்கு முன்கூட்டியே ஆள் பிடித்துவிட்டு, அதற்குத் தக்கபடி இரண்டாவதாக வந்த கதைகூட உண்டு. பரிசளிப்பு நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடுவார்கள். மேடையில் நின்று பேச வேண்டுமே என்ற பயத்தில் எங்காவது ஒளிந்திருப்பார்.

அமெச்சூர் பட்டத்தின் பயனாக 1956 மாஸ்டர்ஸ் போட்டிக்கு அழைப்பு வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் நடப்பது. அழைப்பில்லாமல் யாரும் ஆட முடியாது. இரண்டு சுற்று முடிந்ததும், பயிற்சித் திடலில் சாம் ஸ்னீட் ஒரு யோசனை சொன்னார். அதற்குள் மூன்று முறை அங்கே வென்றிருந்த மேதை. வேறொருவராக இருந்தால் தலையை ஆட்டி நன்றி சொல்லியிருப்பார். நார்மன் அந்த இடத்திலேயே அதைப் பழக ஆரம்பித்தார். பொழுது சாயும்வரை எண்ணூறு பந்துகள் அடித்ததாகச் சொல்கிறார்கள். கட்டைவிரல் பிளந்துபோயிற்று. மறுநாள் ஒன்பது குழிகளுக்குமேல் மட்டையைப் பிடிக்க முடியாமல் விலகினார். இதை வேடிக்கைக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பெரியவர் ஒருவர் சொன்ன சொல்லை மரியாதைக்குரிய சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்ளத் தெரியாத ஒருவரின் கதையாகத்தான் எனக்குப் படுகிறது.

அமெச்சூர் விதிகளை மீறுகிறார் என்று புகார் கிளம்ப, 1957இல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1959இல் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் சில போட்டிகள் ஆடினார். அங்கேதான் வினை. பந்தை ஏற்றிவைக்கும் குச்சி மற்றவர்கள் வைப்பதைவிட உயரம். சில சமயம் குச்சிக்குப் பதில் கோக் பாட்டில். ஒன்றுக்கொன்று பொருந்தாத நிறங்களில் உடை. வரிசை தப்பிய பற்கள். பை சுமக்க ஆள் வைத்துக்கொள்ளாமல் தானே சுமப்பது. பார்வையாளர்களிடம் பாட்டுப் பாடுவதுபோல் இழுத்து இழுத்துப் பேச்சு. கூட்டம் சிரித்தது, ரசித்தது. சில ஆட்டக்காரர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் சிரிப்பு வரவில்லை. அவரை ஓரமாக அழைத்துப்போய், உடையை மாற்று, பல்லைச் சீர்செய், சேட்டையை நிறுத்து என்று சொன்னார்கள். நார்மன் சண்டை போடவில்லை. ஊருக்குத் திரும்பினார். அதன்பின் அந்தச் சுற்றில் நிலைத்து ஆட அவர் முயலவே இல்லை. வயது முப்பது.

அமெரிக்காவிலேயே தொடர்ந்திருந்தால் பெரிய பட்டங்களை அள்ளியிருப்பார் என்று அவர் அன்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பந்தை நேராக அடிப்பதில் அவருக்கு இணையில்லை என்றாலும், பச்சைத் தரையில் பந்தைக் குழிக்குள் தள்ளிவிடும் வேலையை அவர் மதிக்கவே இல்லை. குறிகூடப் பார்க்காமல் போகிறபோக்கில் தட்டிவிடுவார். பட்டங்கள் அங்கேதான் தீர்மானமாகின்றன. ஆகவே வென்றிருப்பார் என்று சொல்ல முடியாது. முயன்று பார்த்துத் தோற்கும் உரிமை அவருக்கு இருந்தது. அதைத்தான் உடையையும் பல்லையும் காட்டிப் பறித்தார்கள்.

கனடாவுக்குள் அவர் ஆடியதற்குக் கணக்கு இருக்கிறது. கனடா பி.ஜி.ஏ. சாம்பியன் பட்டம் 1966இலும் 1974இலும். முதியோருக்கான பட்டம் 1979 முதல் 1985 வரை விடாமல் ஏழு முறை, பிறகு 1987இல் ஒருமுறை. மொத்தம் ஐம்பதுக்கு மேற்பட்ட போட்டிகளில் வெற்றி, முப்பதுக்கு மேற்பட்ட மைதானங்களில் சாதனை ஸ்கோர், ஒரே அடியில் பந்து குழிக்குள் விழுந்தது 17 முறை. ஸ்னீடோடு ஆடிய ஒரு காட்சி ஆட்டத்தைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். குறுக்கே ஓர் ஓடை. பெரிய மட்டையால் அடித்தாலும் அதைத் தாண்ட முடியாது என்று ஸ்னீட் எச்சரித்தார். நான் ஓடையைத் தாண்ட அடிக்கவில்லை, அதன்மேல் உள்ள பாலத்துக்கு அடிக்கிறேன் என்றாராம் நார்மன். பந்து பாலத்தில் உருண்டு அக்கரை போயிற்று.

புகழ் இருந்தது, காசு இல்லை. கனடாவில் பரிசுத் தொகைகள் சொற்பம். மணமாகவில்லை, வீடில்லை, தொலைபேசி இல்லை. மோட்டல் அறை, அல்லது கார். வங்கியை நம்பாமல் நோட்டுகளைச் சுருட்டிப் பையில் வைத்திருப்பார். இளம் ஆட்டக்காரர்கள் கேட்டால் உருவிக் கொடுப்பார்; பலர் திருப்பித் தந்ததில்லை. 1995இல் டைட்டிலிஸ்ட் பந்து நிறுவனத்தின் தலைவர் வாலி யூலைன் அவரைச் சந்தித்து, இனி ஆயுள் முழுக்க மாதம் 5,000 டாலர் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் நார்மன். எதுவும் வேண்டாம், நீங்கள் செய்ய வேண்டியதை ஏற்கனவே செய்துவிட்டீர்கள் என்ற பொருளில் பதில் வந்தது. அதே ஆண்டில் கனடாவின் கோல்ஃப் புகழ்க்கூடத்திலும் அவரைச் சேர்த்தார்கள். அப்போது வயது 66.

அவர் ஆட்டிசம் உடையவராக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். அவருக்குப் பரிசோதனை எதுவும் நடந்ததில்லை. ஆகவே அது யூகம்தான். ஆனால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுத வரும்போது என் தொழில் சங்கடப்படுகிறது. ஒரு காலத்தில் 'தன்முனைப்பு' என்று எழுதினோம். படிப்பவர் அதைத் தலைக்கனம் என்று புரிந்துகொள்வார். 'மதியிறுக்கம்' என்ற சொல் பரவலாகியிருக்கிறது. மதிக்கு என்ன இறுக்கம்? அரசுக் கோப்புகளிலோ 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதியிருக்கிறார்கள். நார்மன், தான் ஆடிய நூற்றுக்கணக்கான மைதானங்களில் எந்தக் குழி எத்தனை கஜ தூரம் என்பதைக் காகிதம் பார்க்காமல் சொல்லக்கூடியவர். காற்றின் போக்கும் தரையின் சரிவும் பாலத்தின் அகலமும் அவருக்கு அத்துப்படி. அவருக்குச் சிந்தனையில் இல்லாமல் போனது, அறைக்குள் தன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற ஒன்றுதான். அதைத்தான் நாம் புற உலகம் என்கிறோம் போலிருக்கிறது. இப்போதெல்லாம் ஆட்டிசம் என்றே எழுதிவிடுகிறேன். தமிழாசிரியர்கள் மன்னிக்கட்டும்.

2003இல் அதே ஒன்டாரியோவைச் சேர்ந்த மைக் வியர் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். நான்கு பெரிய பட்டங்களில் ஒன்றைப் பெற்ற முதல் கனடிய ஆண் அவர். நார்மன் விரலில் ரத்தத்தோடு அந்த மைதானத்தைவிட்டு வெளியேறி 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டு அவர் இறந்துபோனார். செய்தி என் மேசைக்கு வந்தது.

அது வந்துபோன சில மாதங்களில், 2005 தொடக்கத்தில், டைகர் வுட்ஸின் பேட்டி ஒன்று வெளியாகி எல்லா இடத்திலும் எடுத்தாளப்பட்டது. தங்கள் வீச்சு தங்களுக்கே சொந்தம் என்று சொல்லத்தக்கவர்கள் இரண்டே பேர், பென் ஹோகனும் மோ நார்மனும். தானும் அப்படி ஆக விரும்புவதாக அதில் வுட்ஸ் சொல்லியிருந்தார். அதைத் தமிழாக்கியதும் நான்தான். 'சொந்தம்' என்ற சொல் சரியா, 'கைவரப்பெற்றவர்' என்று போடலாமா என்று வெகுநேரம் யோசித்தது நினைவிருக்கிறது. கடைசியில் இடம் போதவில்லை. ஹோகன் உலகப் புகழ் பெற்றவர். அவர் பெயரை விட்டுவைத்தேன். கூட இருந்த இன்னொரு பெயர் யாருக்கும் தெரியாத பெயராகத் தோன்றியது. அடித்துவிட்டேன்.