பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

லாரி டிரைவருக்கு லைசென்சுதான் சொத்து. நிலமில்லாதவர் கையில் இருக்கும் ஒரே காணி அது. அந்தக் காணி மூன்று மாதம் தரிசாகக் கிடந்தால் குடும்பத்தின் கதி என்ன? அடுப்பு எரியுமா? பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு எங்கே போவது?

சாலை விதிகளை மீறும் டிரைவரின் லைசென்சை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-வது பிரிவும், 1989-ம் ஆண்டு மத்திய விதிகளில் 21-வது விதியும் அதற்கு ஆதாரம். அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, சரக்கு லாரியில் ஆட்களை ஏற்றுவது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இவற்றுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்சை நிறுத்தி வைக்க வேண்டும் என்று, சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநில அரசுகளுக்குக் கூறியது.

இதில் தவறு இல்லை. குடித்துவிட்டு லாரி ஓட்டுகிறவருக்கு இரக்கம் காட்டினால், சாலையோரம் நடந்து போகிற ஏழைக்கு யார் இரக்கம் காட்டுவது?

ஆனால் பாரத்தின் கதை வேறு. லாரியில் எத்தனை டன் ஏற்றுவது என்று முடிவு செய்கிறவர் டிரைவரா? இல்லை. சரக்குக்கு உடையவர் ஒருவர். வாடகை பேசுகிற புரோக்கர் ஒருவர். லாரி முதலாளி ஒருவர். மூவரும் பேசி முடித்த பிறகு, சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறுகிறவர்தான் டிரைவர். “இவ்வளவு பாரம் தாங்காது” என்று சொன்னால், “நீ இறங்கு, வேறு ஆள் இருக்கிறான்” என்ற பதில் வரும். ஏற்றினால் லைசென்சு போகும். மறுத்தால் வேலை போகும். இரண்டுக்கும் நடுவே நிற்கிறார் அவர்.

லைசென்சு நின்றுபோனால் அந்த முதலாளியே அவரை வைத்துக்கொள்ள மாட்டார். வைத்துக்கொண்டால் முதலாளி மீதும் வழக்கு வரும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்சு கம்பெனி கையை விரிக்கும். ஊர் மாறிப் போய்ப் பிழைக்கலாம் என்றால், லைசென்சு விவரம் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. நாமக்கல்லில் பட்ட கறை நாகபுரியிலும் தெரியும். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால், அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

சட்டம் டிரைவரை மட்டும் சுட்டவில்லை. பாரம் பற்றிய 194-வது பிரிவு, வண்டியை ஓட்டுகிறவரோடு, ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே குற்றவாளி என்கிறது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20 ஆயிரம் ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம். 5 டன் கூடுதலாக ஏற்றினால் 30 ஆயிரம் ரூபாய்! கூடுதல் சரக்கை இறக்கும் செலவு தனி. அந்த 5 டன்னுக்கு வாடகை வாங்கியவர் யாரோ, அவரல்லவா இதைக் கட்ட வேண்டும்?

ஆகவே சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தும் அதிகாரிகள், ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் கையோடு நின்றுவிடக் கூடாது. சரக்கு எங்கே ஏறியது, யார் ஏற்றச் சொன்னது என்று விசாரித்து அவர்கள் மீதும் வழக்குப் போட வேண்டும்.

டிரைவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. லைசென்சை நிறுத்துவதற்கு முன் அவருடைய பேச்சைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அதே 19-வது பிரிவு கூறுகிறது. உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அப்பீல் செய்யலாம். எடை மேடைச் சீட்டு, லோடு ரசீது, முதலாளி செல்போனில் அனுப்பிய தகவல் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே அப்போது பேச வாய் இருக்கும்.

தவறு செய்த டிரைவர் தண்டனை பெறட்டும். ஆனால் லாபம் ஒருவருக்கு, தண்டனை இன்னொருவருக்கு என்று இருக்கும் வரை லாரிகளின் பாரம் குறையாது. சாலையில் சாவும் குறையாது.